ருமைஸா: பெயரின் பொருளும் பெருமையும்

பெண் குழந்தை பிறந்த வீடுகளில் இப்போது பெயர் தேடும் படலம் கைபேசியில்தான் நடக்கிறது. மூத்தவர்கள் ஃபாத்திமா, கதீஜா, ஆயிஷா, ஸைனப் என்று தொடங்குவார்கள். இளம் பெற்றோருக்கு அவை எல்லாம் பிடித்த பெயர்கள்தாம். ஆனால் குடும்பத்திலேயே நான்கு ஃபாத்திமாக்கள் இருக்கிறார்கள், வகுப்பில் இன்னும் ஆறு பேர் இருப்பார்கள். அதனால் யாரும் வைக்காத பெயராகவும், அரபுப் பெயராகவும், நல்ல பொருள் உள்ளதாகவும் ஒன்றைத் தேடுகிறார்கள். அப்படித் தேடுபவர்களின் கண்ணில் அண்மைக் காலமாக அடிக்கடி படும் பெயர்களில் ஒன்று ருமைஸா.

கேட்க இனிமையாக இருக்கிறது, கூப்பிட எளிதாக இருக்கிறது. பெயர்ப் பட்டியல்களில் தேடினால் 'பூங்கொத்து' என்று பொருள் போட்டிருக்கிறார்கள். ஸஹாபிப் பெண்மணி ஒருவரின் பெயர் என்ற குறிப்பும் இருக்கிறது. இதற்கு மேல் என்ன வேண்டும் என்று வைத்துவிடுகிறார்கள்.

சில ஆண்டுகள் கழித்து, அரபி படித்த உறவினரோ மதரஸாவில் ஓதும் பிள்ளையோ அகராதியைப் புரட்டிப் பார்த்து, "இந்தப் பெயருக்குக் கண்ணில் சேரும் அழுக்கு என்றல்லவா பொருள் போட்டிருக்கிறது!" என்று சொல்லிவிடுகிறார்கள். பெற்றோருக்குத் தூக்கிவாரிப் போடுகிறது. பிள்ளையின் பெயரை மாற்ற வேண்டுமா, மாற்றாவிட்டால் குற்றமா, நாளை இவளைத் தோழிகள் கேலி செய்வார்களா என்று கவலை பிறக்கிறது.

இந்தக் கவலைக்கு விடை உண்டு. அதற்கு இரண்டு விஷயங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒன்று, அந்தச் சொல்லின் உண்மையான பொருள். மற்றொன்று, அந்தப் பெயரைச் சுமந்த பெண்மணி யார் என்பது.

அகராதி என்ன சொல்கிறது?

முதலில் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவோம். ருமைஸா என்ற சொல்லுக்கு அரபு மொழியில் பூங்கொத்து என்ற பொருள் இல்லை. ரா, மீம், ஸாத் என்ற மூன்று எழுத்துகள் அதன் வேர். 'ரமஸ்' என்றால் கண்ணின் ஓரத்தில் சேரும் வெண்ணிறப் படிவு. நம் தமிழில் பீளை என்கிறோமே, அதுதான். பழைய அரபு அகராதிகள் இதை இன்னும் நுணுக்கமாகப் பிரிக்கின்றன. பீளை நீர்த்து வடிந்தால் அது 'கமஸ்'. காய்ந்து ஒட்டிக்கொண்டால் 'ரமஸ்'.

அப்படிப்பட்ட கண் உடைய பெண்ணை 'ரம்ஸா' என்பார்கள். அதைச் செல்லமாகச் சுருக்கினால் ருமைஸா. இந்தச் சுருக்கத்துக்கு அரபு இலக்கணத்தில் 'தஸ்கீர்' என்று பெயர். ஹுமைரா, ஹுரைரா, உமைர், ஜுவைரியா என்று நாம் அறிந்த பல பெயர்கள் இந்த அச்சில் வார்க்கப்பட்டவைதாம். நாம் பிள்ளைகளைக் குட்டி, சிட்டு, பொடிசு என்று கூப்பிடுவது போன்ற ஒரு வழக்கம் இது. 'கமஸ்' என்ற சொல்லிலிருந்து இதே முறையில் 'குமைஸா' என்ற பெயர் வந்தது. ருமைஸாவும் குமைஸாவும் ஒரே பெண்மணிக்கு வழங்கிய இரண்டு பெயர்கள் என்பதைப் பின்னர் பார்க்கப் போகிறோம்.

இதே சொல் வானத்திலும் இருக்கிறது. இரவு வானில் மிகப் பிரகாசமாகத் தெரியும் விண்மீனுக்கு அரபியில் 'ஷிஃரா' என்று பெயர். திருக்குர்ஆனின் 53ஆம் அத்தியாயம் 49ஆம் வசனம், அல்லாஹ்வே அந்த ஷிஃராவுக்கும் இறைவன் என்று எடுத்துரைக்கிறது. அதற்கு ஒரு தங்கை இருப்பதாகப் பழைய அரபுகள் கதை சொல்வார்கள். சுஹைல் என்ற விண்மீன் தெற்கு நோக்கிப் போனபோது ஷிஃரா பால்வீதியைக் கடந்து அதன் பின்னாலேயே போய்விட்டதாம். தங்கையால் கடக்க முடியவில்லை. இக்கரையிலேயே நின்று அழுது அழுது கண் பீளை தட்டி ஒளி மங்கிப் போனதாம். அதனால் அந்தத் தங்கை விண்மீன் 'ஷிஃரா குமைஸா' என்றும் 'ஷிஃரா ருமைஸா' என்றும் பெயர் பெற்றது.

இது வெறும் கதைதான், நம்பிக்கை அல்ல. ஆனால் பெயர் நிலைத்துவிட்டது. அந்தத் தங்கை விண்மீனை இன்றைய வானியலார் 'புரோசியான்' என்கிறார்கள். அதன் பக்கத்தில் உள்ள இன்னொரு விண்மீனுக்கு 'கோமெய்சா' என்று பெயர். அது குமைஸா என்ற அரபுச் சொல்லின் திரிபு. உலக வானியல் ஒன்றியம் 2016இல் அந்தப் பெயரை அதிகாரபூர்வமாக ஏற்றுக்கொண்டது. பிப்ரவரி, மார்ச் மாதங்களில் இஷாவுக்குப் பிறகு மாடியில் நின்று பார்த்தால் தெற்கே சுஹைல், உச்சிக்குச் சற்றுத் தெற்கே ஷிஃரா, அதற்கு வடகிழக்கே ஷிஃரா ருமைஸா என்று மூன்றையும் நம் ஊரிலிருந்தே காணலாம்.

ருமைஸா பின்த் மில்ஹான் (ரலி)

மதீனாவின் கஸ்ரஜ் கோத்திரத்தில் பனூ நஜ்ஜார் கிளையில் பிறந்தவர் மில்ஹானின் மகள். நாம் அவரை உம்மு ஸுலைம் (ரலி) என்று அறிவோம். அவருடைய இயற்பெயர் ஸஹ்லா, ருமைலா, ருமைஸா, முலைக்கா எனப் பலவாறு வரலாற்று நூல்களில் பதிவாகியிருக்கிறது. ருமைஸா, குமைஸா ஆகிய இரண்டும் ஹதீஸ்களிலேயே இடம்பெற்றவை.

நபி (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு ஹிஜ்ரத் வருவதற்கு முன்பே இஸ்லாத்தை ஏற்றவர் அவர். முதல் கணவர் மாலிக் இப்னு நள்ர் அதை ஏற்கவில்லை. ஷாம் தேசத்துக்குப் போனவர் அங்கேயே இறந்துபோனார். கைக்குழந்தையோடு விதவையாக நின்றார் உம்மு ஸுலைம்.

அப்போது அபூ தல்ஹா அவரைப் பெண் கேட்டு வந்தார். மதீனாவில் செல்வமும் செல்வாக்கும் மிக்கவர். ஆனால் அப்போது இஸ்லாத்தை ஏற்றிருக்கவில்லை. உங்களைப் போன்றவரை மறுக்க முடியாது, ஆனால் நான் முஸ்லிம், நீங்கள் இஸ்லாத்தை ஏற்றால் அதுவே எனக்கு மஹர், வேறு எதுவும் கேட்க மாட்டேன் என்று உம்மு ஸுலைம் தெளிவாகச் சொல்லிவிட்டார். அபூ தல்ஹா (ரலி) இஸ்லாத்தை ஏற்றார். உம்மு ஸுலைமின் மஹரைவிடச் சிறந்த மஹரைத் தாம் கேள்விப்பட்டதே இல்லை என்று பிற்காலத்தில் ஸாபித் (ரஹ்) வியந்து சொன்ன செய்தி நஸாயீயில் பதிவாகியிருக்கிறது. நகையும் தொகையும் பேசியே திருமணப் பேச்சுகள் முறியும் நம் காலத்தில் இதை நம் பெண்மக்களுக்குச் சொல்லாமல் வேறு எதைச் சொல்வது?

முதல் கணவருக்குப் பிறந்த மகன்தான் அனஸ் (ரலி). நபி (ஸல்) அவர்கள் மதீனா வந்தபோது அவருக்கு வயது 10. உம்மு ஸுலைம் அவரை அழைத்துச் சென்று நபியவர்களுக்குப் பணிவிடை செய்ய ஒப்படைத்தார். அவருக்காக துஆ செய்யும்படியும் கேட்டுக்கொண்டார். பத்து ஆண்டுகள் அந்த வீட்டில் வளர்ந்த அனஸ் (ரலி) அவர்கள் வழியாக இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஹதீஸ்கள் நமக்குக் கிடைத்திருக்கின்றன. நபியவர்கள் சிரித்தது, உண்டது, குழந்தைகளிடம் பேசியது என நாம் அறிந்தவற்றில் பெரும் பகுதி, ஒரு தாய் தன் பிள்ளையை எங்கே சேர்க்க வேண்டும் என்று எடுத்த ஒரு முடிவினால் வந்து சேர்ந்தது.

அவருடைய பொறுமைக்கு எடுத்துக்காட்டாக எல்லோரும் சொல்லும் நிகழ்ச்சி புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. அபூ தல்ஹாவுக்கும் அவருக்கும் பிறந்த சிறுவன் நோயுற்று, தந்தை வெளியே போயிருந்த நேரத்தில் இறந்துவிட்டான். நானே சொல்லும்வரை யாரும் அவரிடம் சொல்லக் கூடாது என்று வீட்டாரிடம் கூறிவிட்டார் உம்மு ஸுலைம். களைத்து வந்த கணவருக்கு உணவளித்து, இரவு ஓய்வெடுக்க விட்டார். பிறகு ஒரு கேள்வி கேட்டார். ஒருவர் இரவலாகக் கொடுத்த பொருளைத் திரும்பக் கேட்டால் வாங்கியவர் தர மறுக்கலாமா? கூடாது என்றார் கணவர். அப்படியானால் உங்கள் மகனுக்காக அல்லாஹ்விடம் நன்மையை எதிர்பார்த்துப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்றார் அந்தத் தாய். தாமதமாகச் சொன்னதற்காகக் கணவர் கோபப்பட்டார். காலையில் நபி (ஸல்) அவர்களிடம் போய் முறையிட்டார். நபியவர்களோ அந்த இரவுக்காக இருவருக்கும் பரக்கத் வேண்டி துஆ செய்தார்கள். அப்துல்லாஹ் என்ற மகன் பிறந்தார். அவருடைய வழியில் ஒன்பது பிள்ளைகள் குர்ஆனை ஓதியவர்களாக விளங்கியதைப் பிற்காலத்தவர் கண்டு சொல்லியிருக்கிறார்கள்.

வீட்டோடு நின்றவரும் அல்லர் அவர். உஹதுப் போரில் ஆயிஷா (ரலி) அவர்களோடு சேர்ந்து தோல் பைகளில் தண்ணீர் சுமந்து காயம்பட்டவர்களுக்குப் புகட்டினார். ஹுனைன் போரன்று இடுப்பில் கத்தியோடு நின்றார். இது எதற்கு என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டபோது, எதிரி யாராவது நெருங்கினால் வயிற்றைக் கிழிக்க என்று சொன்னார். நபியவர்கள் சிரித்துவிட்டார்கள். பெண்களுக்குக் குளிப்பு எப்போது கடமையாகும் என்பதில் மற்றவர்கள் கேட்கக் கூசிய கேள்வியை, சத்தியத்தைச் சொல்ல அல்லாஹ் வெட்கப்படுவதில்லை என்ற முன்னுரையோடு கேட்டவரும் அவரே. இன்றுவரை நம் பெண்கள் கற்கும் மார்க்கச் சட்டத்தில் அந்தக் கேள்விக்குப் பங்குண்டு.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு செய்தி. தாம் சொர்க்கத்தில் நுழைந்ததாகக் கனவில் கண்டதையும், அங்கே அபூ தல்ஹாவின் மனைவி ருமைஸாவைக் கண்டதையும் நபி (ஸல்) அவர்கள் சொன்னதாக ஜாபிர் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் புகாரியில் இருக்கிறது. முஸ்லிமில் உள்ள அனஸ் (ரலி) அவர்களின் அறிவிப்பிலோ, சொர்க்கத்தில் காலடி ஓசை கேட்டு யாரென்று விசாரித்தபோது மில்ஹானின் மகள் குமைஸா என்று சொல்லப்பட்டதாக வருகிறது.

பீளை என்ற பொருளைச் சொல்லி நாம் கூச்சப்படும் இரண்டு பெயர்களும் சொர்க்கத்தைப் பற்றிய நற்செய்தியில் இடம்பெற்ற பெயர்கள்.

அப்படியானால் பொருள் முக்கியமில்லையா?

முக்கியம்தான். நல்ல பெயர் சூட்டுவது பெற்றோரின் கடமை. பொருந்தாத பெயர்களை நபி (ஸல்) அவர்கள் மாற்றியிருக்கிறார்கள். உமர் (ரலி) அவர்களின் மகளுக்கு 'ஆஸியா' என்று பெயர் இருந்தது. மாறு செய்பவள் என்று அதற்குப் பொருள். அதை 'ஜமீலா' என்று மாற்றினார்கள். முரடு, கரடு என்று பொருள்படும் 'ஹஸ்ன்' என்ற பெயருடையவரிடம் 'ஸஹ்ல்' என்று வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். அவர் தந்தை வைத்த பெயரை விட மறுத்தார். அந்த முரட்டுத்தனம் தங்கள் குடும்பத்தில் தொடர்ந்ததாக அவருடைய பேரர் ஸயீத் இப்னு முஸய்யிப் (ரஹ்) சொல்லியிருக்கிறார்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 'பர்ரா' என்றால் புண்ணியவதி. பொருளில் குறையே இல்லை. ஆனால் தன்னைத் தானே புகழ்வது போல இருக்கிறது என்று அதையும் மாற்றினார்கள். ஜுவைரியா (ரலி), ஸைனப் (ரலி) ஆகியோர் முன்பு பர்ராவாக இருந்தவர்கள்தாம். ஆக, அகராதியில் அழகான பொருள் இருந்தால் அது நல்ல பெயர், இல்லாவிட்டால் கெட்ட பெயர் என்று அவ்வளவு எளிதாகப் பிரித்துவிட முடியாது. இறைவனுக்கு மாறு செய்தல், அகங்காரம், கடுமை போன்றவற்றைச் சுட்டும் பெயர்கள் மாற்றப்பட்டன. கண்ணின் ஒரு தோற்றத்தை வைத்து வந்த செல்லப் பெயரோ மாற்றப்படவில்லை. ருமைஸா என்ற பெயரை நபியவர்களே நற்செய்தியில் எடுத்துச் சொன்னார்கள்.

நாம் தயங்காமல் வைக்கும் பெயர்களையே எடுத்துக்கொள்வோம். 'கதீஜா' என்ற சொல்லின் வேருக்குக் குறைமாதப் பிறப்பு என்று பொருள். 'ஃபாத்திமா' என்பது பால் மறக்கச் செய்வதைக் குறிக்கும் வேரிலிருந்து வந்தது. 'தல்ஹா' ஒரு முள்மரம். கதீஜா என்று கூப்பிடும்போது யாருக்காவது குறைமாதக் குழந்தை நினைவுக்கு வருகிறதா? இஸ்லாத்துக்காகத் தம் செல்வத்தையெல்லாம் கொடுத்த அன்னையார்தாம் நினைவுக்கு வருகிறார்கள். சொல்லுக்கு இருந்த பழைய பொருளை அந்தப் பெயரைத் தாங்கியவர்களின் வாழ்க்கை மூடிவிட்டது.

ருமைஸா என்ற பெயரும் அப்படித்தான். ஒரே வேறுபாடு, கதீஜா (ரலி) அவர்களின் வரலாறு நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். ருமைஸா (ரலி) அவர்களின் வரலாறு உம்மு ஸுலைம் என்ற பெயரில் மட்டுமே தெரியும். இருவரும் ஒருவரே என்பது பல பெற்றோருக்குத் தெரியாது. அதனால்தான் 'பூங்கொத்து' தேவைப்பட்டது.

துருக்கியில் இது நன்கு அறிமுகமான பெயர். 2021இல் உலகின் மிக உயரமான பெண்ணாக கின்னஸ் சாதனைப் பதிவில் இடம்பெற்ற, 215 சென்டிமீட்டர் உயரமுள்ள துருக்கியப் பெண்ணின் பெயர் ருமைஸா கெல்கி. அந்தச் செய்தி வழியாகவும் இந்தப் பெயர் உலகெங்கும் பலரின் காதில் விழுந்தது.

எழுத்தில் கவனம்

அரபியில் ஸீன், ஸாத், ஸே என மூன்று தனி எழுத்துகள் உண்டு. தமிழில் மூன்றுக்கும் 'ஸ' ஒன்றுதான். அதனால் வெவ்வேறு பெயர்கள் தமிழில் ஒன்றாகிவிடுகின்றன. மேலே சொன்ன, மாற்றப்பட்ட ஆஸியாவுக்கு ஐன், ஸாத். ஃபிர்அவ்னின் மனைவியாக இருந்தும் ஈமானில் உறுதியாக நின்ற ஆஸியா அம்மையாரின் பெயருக்கு அலிஃப், ஸீன். முதலாவது தவிர்க்க வேண்டிய பெயர், இரண்டாவது விரும்பி வைக்கும் பெயர்.

ருமைஸாவிலும் இதே குழப்பம் உண்டு. ஸாத் எழுத்தில் எழுதினால் நாம் பார்த்த பெயர். ஸே எழுத்தில் எழுதினால் 'ரிம்ஸ்' என்ற பாலைவனப் புதர்ச்செடியோடு தொடர்புடைய வேறொரு பெயர். அதுவும் ஒட்டகம் மேயும் செடிதான், பூங்கொத்து அல்ல. ஸஹாபிப் பெண்மணியை நினைத்து வைப்பதானால் ரா, மீம், யே, ஸாத், அலிஃப், ஹம்ஸா என்று அரபியில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது. உங்கள் மஹல்லா ஆலிமிடம் ஒரு முறை காட்டிவிடுங்கள்.

அலுவலகப் பதிவுகளிலும் கவனம் வேண்டும். பிறப்புச் சான்றிதழில் ஒரு விதமாகவும், ஆதாரில் ஒரு விதமாகவும், பள்ளிப் பதிவேட்டில் ரமீசா என்றும் இருந்தால் பிள்ளை பாஸ்போர்ட் எடுக்கும் வயதில் அலைச்சல் உங்களுக்குத்தான். தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுத்தை முதல் நாளே முடிவு செய்துவிடுங்கள். அவசரமும் வேண்டாம். நம் நாட்டில் பெயர் இல்லாமலேயே பிறப்பைப் பதிவு செய்துவிட்டு, 12 மாதங்களுக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்க்க வழி இருக்கிறது. விசாரித்து வைக்கப் போதிய நேரம் உண்டு.

ஏற்கெனவே வைத்துவிட்டவர்களுக்கு

உங்கள் மகளின் பெயர் ருமைஸா என்றால், அகராதிப் பொருளைக் கேட்டுக் கலங்கி அரசிதழில் பெயர் மாற்ற ஓட வேண்டியதில்லை. பொருளை மறைக்கவும் வேண்டியதில்லை. வளர்ந்த பிறகு எப்படியும் அவளுக்குத் தெரியவரும். வெளியார் வாயிலிருந்து கேலியாகத் தெரிவதைவிடத் தாய் தந்தையிடமிருந்து வரலாறாகத் தெரிவது நல்லது.

மஹராகப் பொன்னைக் கேட்காமல் ஈமானைக் கேட்ட பெண்ணின் பெயர் இது என்று சொல்லுங்கள். அனஸைப் பெற்று, நபியின் வீட்டில் வளர்த்தெடுத்த தாயின் பெயர் என்று சொல்லுங்கள். சந்தேகம் வந்தால் கூசாமல் கேட்டுத் தெளிந்தவர், சோதனை வந்தபோது நிலைகுலையாதவர், சொர்க்கத்தில் இருப்பதாக நபி (ஸல்) அவர்கள் அறிவித்தவர் என்று சொல்லுங்கள். அதற்குப் பிறகு அவளிடம் யாராவது உன் பெயருக்கு என்ன பொருள் என்று கேட்டால் அவள் பூங்கொத்து என்று பொய்யும் சொல்ல மாட்டாள், தலையும் குனிய மாட்டாள்.

இனிமேல் பெயர் தேடப் போகிறவர்கள் ஒரு கேள்வியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்தப் பெயருக்கு என்ன பொருள் என்று மட்டும் கேட்காமல், இந்தப் பெயரோடு வாழ்ந்தவர் யார், அவரைப் பற்றி என் பிள்ளைக்கு நான் என்ன சொல்வேன் என்றும் கேளுங்கள். பட்டியல்களில் ஒரு சொல்லும் அதற்கு நேரே ஒரு பொருளும் மட்டுமே கிடைக்கும். பிள்ளைக்குச் சொல்ல வரலாறு வேண்டுமானால் ஸீரா நூல்களையும் ஹதீஸ் நூல்களையும்தான் திறக்க வேண்டும்.

நம் பெண்மக்களை, அவர்கள் தாங்கும் பெயருக்கு உரியவர்களின் அடிச்சுவட்டில் வல்ல அல்லாஹ் வளர்த்தருள்வானாக! ஆமீன்.